ஆம்பூர் வரை வலிக்காத ஹெல்மெட்

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தாடை வரை மூடும் புது ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வேலூரிலிருந்து பெங்களூருக்குக் கிளம்பினேன். பள்ளிகொண்டா டோலைத் தாண்டும்போது நெற்றியில் ஏதோ அழுத்துவது போலிருந்தது. மாதனூர் வந்தபோது அது வலியாகிவிட்டது. ஆம்பூரில் டீக்கடை முன் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினேன். அங்கே எனக்காகக் காத்திருந்த நண்பர் சிரித்துவிட்டார். இருபது வருடமாக ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டுகிறவர்.

"இன்னா தம்பி, நெத்தில செவப்பா பட்டை போட்டுகினு வந்துகீற?"

"சைஸ் பாத்துதான் பாய் வாங்கனேன். டேப் வச்சி அளந்தேன், ஐம்பத்தேழு வந்துச்சி, மீடியம்."

அவர் ஹெல்மெட்டை வாங்கித் தலைகீழாகத் திருப்பினார். உள்ளே கையை விட்டு முன்மெத்தையையும் பின்மெத்தையையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். "சைஸ்லாம் கரெக்டுதான். லாஸ்ட் தப்பு" என்றார்.

ஷூ தொழிலில் லாஸ்ட் என்பது கால் வடிவ அச்சு. ஒரு காலத்தில் மரத்தில் செய்தார்கள், இப்போது பிளாஸ்டிக். அதன்மேல் தோலை இழுத்து ஒட்டித்தான் ஷூ உருவாகிறது. எட்டாம் நம்பர் ஷூ இரண்டு ஜோடி எடுத்தால் நீளம் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்று விரல் பக்கம் அகலமாக இருக்கும், இன்னொன்று மேல்பாதத்தில் உயரமாக இருக்கும். காலை உள்ளே நுழைய விடுவது நம்பர், நாள் முழுக்க நிற்க விடுவது லாஸ்ட். தலைக்கும் இதே கதைதான் என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. விற்ற கடைக்காரரும் சொல்லவில்லை.

மேலிருந்து பார்த்தால் சிலர் தலை முன்பின்னாக நீண்டிருக்கும், சிலருக்கு ஏறக்குறைய வட்டம், பலருக்கு இரண்டுக்கும் நடுவில். உலகச் சந்தைக்கான ஹெல்மெட்களில் பெரும்பாலானவை இந்த நடுத்தர முட்டை வடிவத்துக்குச் செய்யப்படுபவை. நீண்ட தலைக்காரர் வட்டமான ஹெல்மெட் போட்டால் நெற்றியும் பின்மண்டையும் நெருக்கப்படும், காதுக்கு மேலே காலியாக இருக்கும். வட்டத் தலைக்காரர் நீண்ட ஹெல்மெட் போட்டால் நெற்றி சும்மா இருக்கும், பொட்டு இரண்டும் விண்விண் என்று தெறிக்கும். டேப் சுற்றளவை மட்டும்தான் சொல்லும். புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுக்கு மேலாக, பின்மண்டையின் புடைப்பைச் சுற்றி அளந்தால் 57 செ.மீ. வரலாம். அந்த 57 நீளமானதா உருண்டையானதா என்பது டேப்புக்குத் தெரியாது. கூட இருப்பவரை மாடியிலிருந்து உங்கள் தலையைப் படம் எடுக்கச் சொல்லுங்கள், தெரிந்துவிடும்.

ஸ்போர்ட் டூரிங், அதாவது நெடுஞ்சாலையில் வேகமாகத் தொலைதூரம், ஓட்டுகிறவருக்கு ஹெல்மெட்டின் தரம் கடைக் கண்ணாடி முன்னால் தெரியாது. மூன்றாவது மணி நேரத்தில்தான் தெரியும். ரேஸ் வண்டிபோல டேங்க்மேல் படுக்கவும் மாட்டோம், புல்லட்டில் உட்காருவதுபோல நிமிரவும் மாட்டோம். இடுப்பு லேசாகச் சாய்ந்திருக்கும், கழுத்து கொஞ்சம் நிமிர்ந்திருக்கும், 90-லும் 100-லும் தொடர்ந்து போகும் ஓட்டம். வேலூரிலிருந்து பெங்களூர் 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். போய்த் திரும்பினால் ஆறேழு மணி நேரம் அந்தப் பெட்டிக்குள்தான் தலை இருக்கப் போகிறது. காட்பாடி வரை போய்வருகிறவர் சகித்துக்கொள்ளும் குறையை இங்கே சகித்துக்கொள்ள முடியாது.

அதனால் கடையில் அரைமணி நேரமாவது போட்டுக்கொண்டு உட்காருங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. கழற்றியதும் நெற்றியில் திட்டாகச் சிவந்திருந்தால் அந்த மாடல் உங்களுக்கு இல்லை. அடுத்த சைஸுக்குப் போகாதீர்கள், அடுத்த மாடலுக்குப் போங்கள். பெரிய சைஸ் எடுத்து வலியைத் தீர்த்துக்கொள்வதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு. கன்னம் அழுத்துவது வேறு விஷயம். புதிதில் கன்னத்து மெத்தை, பன் வாயில் வைத்த குழந்தைபோல முகத்தை உப்ப வைக்கத்தான் வேண்டும். பத்துப் பதினைந்து மணி நேர ஓட்டத்தில் அது தளர்ந்துவிடும். நெற்றியில் இருக்கும் கெட்டி நுரை அப்படித் தளராது. பிறகு வாரைக் கட்டிக்கொண்டு, பின்பக்க விளிம்பைப் பிடித்து யாரையாவது முன்னோக்கித் தள்ளச் சொல்லுங்கள். கழன்று வந்தால் ரோட்டிலும் கழன்று போகும். தலையை ஆட்டினால் கன்னத்துத் தோலும் கூடவே நகர வேண்டும். தலை ஒரு பக்கம் ஹெல்மெட் ஒரு பக்கம் என்றால் அது தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை.

இன்னொன்று, கடையில் நின்றபடி பார்க்காதீர்கள். முடிந்தால் உங்கள் வண்டியிலேயே உட்கார்ந்து பாருங்கள். உடம்பு முன்னால் சாயும்போது கண் திறப்பின் மேல்விளிம்பு புருவத்துக்குக் கீழே இறங்கிவிடும். நின்றபோது நன்றாகத் தெரிந்த சாலை, ஹேண்டிலைப் பிடித்ததும் பாதியாக வெட்டுப்படும். அதைச் சரிக்கட்டக் கழுத்தை அண்ணாந்து ஓட்டினால் வாணியம்பாடிக்குள் தோள்பட்டை பேச ஆரம்பிக்கும்.

இனி, அந்தப் பெட்டி உண்மையில் என்ன செய்கிறது என்பதற்கு வருவோம். மேல் ஓடு பாலிகார்பனேட், ஏபிஎஸ், ஃபைபர், கார்பன் என்று எதுவாகவும் இருக்கலாம். அதன் வேலை கூரான அடியைப் பரப்பிவிடுவதும், ரோட்டில் சிக்காமல் வழுக்குவதும். உயிரைக் காப்பது உள்ளே இருக்கும் வெள்ளை நுரை. இபிஎஸ் என்று பெரிதாகச் சொல்கிறார்கள். டிவி பெட்டிக்குள் வரும் நம் தெர்மாகோல்தான், கொஞ்சம் அடர்த்தியாக. தலை மோதும்போது அந்த மூன்று நான்கு சென்டிமீட்டர் நுரை நசுங்குகிறது. சட்டென்று நிற்க வேண்டிய தலை, நுரை நசுங்கும் அந்த நொடிப்பொழுது எடுத்துக்கொண்டு நிற்கிறது. நசுங்கிய நுரை திரும்ப எழாது. அதனால்தான் ஒரு பெரிய அடிக்கு ஒரு ஹெல்மெட். வெளியே கீறலே இல்லாவிட்டாலும் உள்ளே வேலை முடிந்திருக்கும்.

ஐரோப்பியத் தரமான ஈசிஇ சோதனையில் ஹெல்மெட்டை வினாடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் இரும்புப் பட்டடைக்கல்மேல் மோதவிடுகிறார்கள். கணக்குப் போட்டால் மணிக்கு 27 கிலோமீட்டர்தான் வரும். முதலில் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நூறில் போகிறவனுக்கு 27-க்கான ஹெல்மெட்டா? யோசித்தால் கணக்கு சரிதான். வண்டியில் உட்கார்ந்திருப்பவர் தலை தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து விழுந்தால் தரையைத் தொடும் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் அளவு. மிச்ச வேகம் எல்லாம் ரோட்டோடு சறுக்குவதில் போகிறது. தரையில் விழுந்து சறுக்குகிறவருக்கு ஹெல்மெட் பெரிய துணை. மீடியனிலோ நிற்கிற லாரியின் பின்புறத்திலோ நேராக மோதுகிறவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. எந்த ஸ்டிக்கரும் அதை மாற்றாது.

2021-இல் நடைமுறைக்கு வந்த அதன் புதிய பதிப்பு ஈசிஇ 22.06 இதை விரிவாக்கியது. 6 மீட்டர், 8.2 மீட்டர் வேகங்களும் சேர்ந்தன. மெதுவான அடியை எதற்குச் சேர்த்தார்கள் என்றால், நுரை ரொம்பக் கெட்டியாக இருந்தால் சின்ன அடியில் அது நசுங்கவே நசுங்காது, அடி அப்படியே மூளைக்குப் போகும். சாய்வான பட்டடைக்கல்மேல் மோதவிட்டுத் தலை எவ்வளவு சுழல்கிறது என்பதையும் அளக்கிறார்கள். நேர் அடியைவிடச் சுழற்சிதான் மூளையைக் குலைக்கிறது என்பது பல ஆண்டுகளாக மருத்துவர்கள் சொல்லிவந்தது. மிப்ஸ் என்று மஞ்சள் நிறத்தில் உள்ளே தெரியும் மெல்லிய ஏடும் இதற்காகத்தான். அடிபடும்போது அது பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் வழுக்கிக் கொடுக்கும்.

முகவாய்ப் பகுதியைப் பற்றி ஒரு வார்த்தை. வெயில் தாங்கவில்லை என்று பாதி ஹெல்மெட்டுக்கு மாறுகிற நண்பர்கள் எனக்கு நிறைய. ஜெர்மனியில் டீட்மார் ஓட்டே விபத்தில் சிக்கிய ஹெல்மெட்களை ஆராய்ந்து, அடி எங்கே விழுந்திருக்கிறது என்று குறித்தார். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அடி முகவாய்ப் பகுதியில். பாதி ஹெல்மெட்டில் அந்த இடத்தில் இருப்பது உங்கள் தாடை. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949-இல் தொடங்கியது வேலூர் சிஎம்சியில்தான். இப்போது ராணிப்பேட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டி அதன் புது வளாகமும் விபத்துச் சிகிச்சைப் பிரிவோடு நிற்கிறது. நல்ல டாக்டர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள் என்ற தைரியத்தில் தாடையைப் பணயம் வைக்க முடியாது.

சட்டம் என்று பார்த்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு கேட்பது இந்தியத் தர நிறுவனத்தின் (பிஐஎஸ்) ஐஎஸ் 4151 தரம். 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம். 2018-இல் ஹெல்மெட் எடை 1.2 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரம்பு வந்தது, நல்ல வெளிநாட்டு ஹெல்மெட்கள் பலவற்றுக்கு அது வாசலை அடைத்தது. பிறகு அந்த வரம்பு நீக்கப்பட்டது. ஃபுல் ஃபேஸுக்கு 1.4 முதல் 1.6 கிலோ என்பது சாதாரணம். ஐஎஸ்ஐயும் ஈசிஇயும் சேர்ந்து வரும் ஹெல்மெட்கள் இப்போது நடுத்தர விலையிலேயே கிடைக்கின்றன, நான் கைகாட்டுவது அவற்றைத்தான். அமெரிக்கத் தரக்குறியான டாட் மட்டும் ஒட்டியிருந்தால் அதற்கு இங்கே மதிப்பில்லை. அமெரிக்காவிலேயே அது தயாரிப்பாளர் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் சான்று. பிரிட்டன் அரசு 2007-இல் தொடங்கிய ஷார்ப் என்ற திட்டம் ஹெல்மெட்டுக்கு ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் தருகிறது. அங்கே விலை குறைந்தவை ஐந்து வாங்கியதும் உண்டு, விலை உயர்ந்தவை மூன்றோடு நின்றதும் உண்டு.

ரோட்டோரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு விற்கும் ஹெல்மெட்டிலும் ஐஎஸ்ஐ ஸ்டிக்கர் இருக்கும். முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணைப் பாருங்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அதைத் தட்டினால் எந்தக் கம்பெனி என்று வரும். ஹெல்மெட்டில் ஒரு பெயரும் செயலியில் வேறு பெயரும் வந்தால் கயிற்றிலேயே மாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

தலையில் எதைப் போடுவது என்று மேலிருந்து உத்தரவு வருவதில் இந்த ஊருக்குப் பழைய கசப்பு ஒன்றும் உண்டு. 1806 ஜூலை 10-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்கு ஒரு காரணம், தோல் சேர்த்த புதுமாதிரித் தலைப்பாகையைப் போடச் சொன்னது. 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபோது யாரும் கோட்டையைப் பிடிக்கவில்லை. முழங்கையில் மாட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

முழங்கைக்குப் போனதற்குக் காரணம் வெயில். ஃபுல் ஃபேஸ் விளம்பரங்களில் காற்றோட்டம் என்று எத்தனை துளை காட்டினாலும், நீங்கள் பார்க்க வேண்டியது உள்ளே. மெத்தையைக் கழற்றிவிட்டு நுரையைப் பாருங்கள். நெற்றித் துளையிலிருந்து பின்மண்டைத் துளை வரை விரல் அகலத்துக்கு வாய்க்கால் வெட்டியிருக்க வேண்டும். வாய்க்கால் இல்லாமல் வெளியே மட்டும் துளை இருந்தால் அது அலங்காரம். மலிவான சிலவற்றில் துளை நுரைமேல் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

வாய்க்கால் இருந்தாலும் கத்திரி வெயிலில் இன்னொரு சிக்கல் வருகிறது. வேலூரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே அல்ல. நம் தோலின் சூடு 35-ஐ ஒட்டியது. 42 டிகிரி காற்றை முகத்தில் வாங்கினால் அது தோலைக் குளிர்விக்காது, சூடேற்றும். அப்போது குளிர்ச்சி தருவது வியர்வை ஆவியாவது ஒன்றுதான். மெல்லிய பருத்திக் குல்லாயைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து உள்ளே போட்டு, வைசரை (முகத்துக்கு முன்னால் உள்ள கண்ணாடியை) மூடி, மேல்துளைகளை மட்டும் திறந்து ஓட்டிப் பாருங்கள். வைசரைத் திறந்துபோட்டு அனல் காற்றைக் குடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். அரைமணியில் காய்ந்துவிடும், மறுபடி நனைக்க வேண்டும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது வேகமே இல்லாததால் எந்தத் துளையும் வேலை செய்யாது. அங்கே வைசரை ஒரு விரற்கடை தூக்கிவைக்கும் முதல் படிதான் கை கொடுக்கும். அந்த முதல் படி கிளிக் என்று நிற்கிறதா, காற்றில் தானே மூடிக்கொள்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம்.

சத்தத்தைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. எனக்கு இதில் கொஞ்சம் கோபமே உண்டு. நூறில் போகும்போது ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 90-களின் நடுவிலிருந்து 100 டெசிபல் வரை போகும், விலை உயர்ந்த ஹெல்மெட்டிலும்கூட. தொழிற்சாலைக்கு அமெரிக்க நியோஷ் அமைப்பு வைத்திருக்கும் வரம்பு 85 டெசிபலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94 என்றால் ஒரு மணி நேரம், 100 என்றால் 15 நிமிடம். பெங்களூரில் இறங்கியதும் காதுக்குள் ஓயாமல் ரீங்காரம் கேட்பதும், காரணமில்லாமல் அசதியாக இருப்பதும் இதனால்தான். மருந்துக் கடையில் கிடைக்கும் நுரைக் காதடைப்பானைச் சரியாகச் செருகினால் இருபது டெசிபலுக்குமேல் குறையும். ஹார்ன் கேட்காதே என்பார்கள். கேட்கும். காற்றின் இரைச்சல் அடங்குவதால் ஹார்ன் முன்பைவிடத் தெளிவாகவே கேட்கிறது.

இரைச்சல் பெரும்பாலும் கீழிருந்துதான் வருகிறது. கழுத்தைச் சுற்றியுள்ள இடைவெளி, முகவாய்க்கு அடியில். அங்கே துணித்திரை வருகிறதா, கழுத்து மெத்தை பருமனாக இருக்கிறதா என்று பாருங்கள். இதைவிட முக்கியமானது உங்கள் வண்டியின் விண்ட் ஸ்கிரீன். அதன் விளிம்பில் கிழிந்து எழும் காற்று நேராக ஹெல்மெட்மேல் வந்து குத்தினால் எந்த ஹெல்மெட்டும் கத்தத்தான் செய்யும். நண்பரின் ஸ்கிரீன் இல்லாத வண்டியில் அமைதியாக இருந்த ஹெல்மெட் என் வண்டியில் டமடமவென்று அடித்தது. ஓட்டும்போது லேசாக எழுந்து நின்று பாருங்கள், அப்புறம் குனிந்து பாருங்கள். இரண்டில் ஒன்றில் சத்தம் சட்டென்று அடங்கினால் குற்றம் ஸ்கிரீனில், ஹெல்மெட்டில் இல்லை.

வைசருக்கு வருவோம். காலையில் வேலூரிலிருந்து பெங்களூருக்கும், மாலையில் அங்கிருந்து வேலூருக்கும் என்றால் சூரியன் முதுகுப் பக்கம். சென்னைக்குப் போய்வருகிறவருக்கு இரண்டு வேளையும் கண்ணில். அவருக்கு உள்ளே இறங்கும் கறுப்புக் கண்ணாடி தேவை, எனக்கு அவ்வளவு இல்லை. அந்தக் கண்ணாடிக்கு இடம் விட நெற்றிப் பக்கம் நுரையைக் குறைக்க வேண்டியிருக்கும் அல்லது மேல் ஓட்டின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். ஜப்பானின் அராய் அதை உள்ளே வைக்காமல் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். அதே நாட்டின் ஷோயெய் சில மாடல்களில் வைக்கிறது. இரண்டு பேரும் தெரிந்துதான் செய்கிறார்கள். வைசருக்கு உள்பக்கம் பொருத்தும் பின்லாக் என்னும் ஏடு மார்கழிக் காலையில் ஜவ்வாது மலை ஏறுகிறவருக்கும் ஐப்பசி மழையில் ஓட்டுகிறவருக்கும் தேவை. இரண்டு ஏட்டுக்கும் நடுவில் காற்று அடைபட்டிருப்பதால் மூச்சு படிந்து மங்காது. கீறல் விழுந்த வைசரை ராத்திரியில் போடாதீர்கள். எதிரே லாரி ஹை பீமில் வந்தால் ஒவ்வொரு கீறலும் ஒரு விளக்காகிவிடும். பூச்சி ஒட்டியிருந்தால் ஈரத்துணியை ஐந்து நிமிடம் போட்டு ஊறவைத்துத் துடையுங்கள், காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல்தான்.

வாருக்கு, இரண்டு D வடிவ வளையத்தில் கோத்து இழுக்கும் டபுள் டி வளையம் நல்லது, பல்போன்ற கிளிப்பும் மோசமில்லை. கட்டுங்கள், போதும்.

பராமரிப்பில் நம் ஊருக்கே உரிய எதிரி தேங்காயெண்ணெய். எண்ணெய் வைத்த தலையோடு போட்டால் மெத்தை வழவழப்பாகி, பிறகு கன்றி, கடைசியில் நாறும். கழற்றித் துவைக்கும் மெத்தையாக வாங்குங்கள். பெட்ரோல் இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் தெர்மாகோலைப் பெட்ரோலில் கரைத்துப் பசை செய்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பங்கில் டேங்க்மேல் ஹெல்மெட்டைக் கவிழ்த்து வைக்காதீர்கள். கண்ணாடிக் கம்பியில் மாட்டினால் கம்பி நுரையில் குழி போடும். ஐந்து வருடத்துக்குமேல் ஓட்ட வேண்டாம் என்பது தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்வது.

என் முதல் ஹெல்மெட்டை அன்றே மறந்துவிட வேண்டியதாயிற்று. டீ குடித்து முடிப்பதற்குள் பாய் அதைத் தன் தலையில் மாட்டி, முன்னும் பின்னும் தள்ளி, அப்படியே கத்திரிக்காய்ப் பச்சடியோடு பிரியாணி சாப்பிடப் போகும் கடை வரை நடந்து பார்த்தார். அவர் தலை உருண்டை. கழற்றியபோது நெற்றியில் ஒரு கோடு இல்லை. "இது எனக்குச் செஞ்ச லாஸ்ட் தம்பி, எவ்ளோக்கு வாங்கன?" என்றார். பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு, அவருடைய பழைய ஹெல்மெட்டை இரவல் வாங்கிக்கொண்டு வேலூருக்கே திரும்பினேன். புது ஹெல்மெட்டோடு அவர் இன்றைக்கும் பேரணாம்பட்டு ரோட்டில் போய்வருகிறார்.